ஃபாரடேவுக்கு டியூஷன் எடுத்தது யாரு?

கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதின யாருக்கும் இந்தக் கேள்வி மறந்திருக்காது. மின்னாற்பகுப்பு என்றால் என்ன, படம் வரைந்து பாகங்களைக் குறி. ஒரு தொட்டி, ரெண்டு தகடு, ஒரு பேட்டரி. ஒரு பக்கம் ஆனோடு, மறுபக்கம் கேத்தோடு, நடுவுல அயனிகள். கீழே ஃபாரடேயின் முதல் விதி, இரண்டாம் விதி. ஸ்கேல் வச்சு அடிக்கோடு போட்டா மார்க் நிச்சயம். :-)

அந்த விதிகளைக் கண்டுபிடிச்ச மைக்கேல் ஃபாரடே எந்தப் பள்ளிக்கூடத்திலும் கெமிஸ்ட்ரி படிச்சவர் இல்லை. காலேஜ் வாசலையும் மிதிச்சவர் இல்லை. இது பல பேருக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஏழைக் கொல்லர் வீட்டுப் பையன், புத்தகம் பைண்ட் பண்ற கடையில வேலை, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தானே படிச்சு விஞ்ஞானி ஆனார் அப்படின்னு பாடப்புத்தகத்துல ஒரு பெட்டிச் செய்தி போட்டிருப்பாங்க.

எனக்கு அதுல அந்தத் 'தானே'ங்கற வார்த்தை மட்டும்தான் இடிக்குது. ஃபாரடேயோட கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் அச்சுல வந்திருக்கு. அதைப் படிச்சா வேற ஒரு ஆள் தெரியறார். தெரியாததைப் போற வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்த ஆள். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை அடுத்த வாரமே இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுத்த ஆள். சாகற வரைக்கும் இந்த ரெண்டு பழக்கமும் அவரை விடலை. யார்கிட்ட கேட்டார், யாருக்குச் சொன்னார்ங்கற கணக்கைத்தான் இங்கே போடப் போறேன்.

கதை ஃபாரடேகிட்ட ஆரம்பிக்கலை. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, லண்டன்ல ஒரு வசதியான வீட்டுப் பெண்மணிகிட்ட ஆரம்பிக்குது.

அவங்க பேர் ஜேன் மார்செட். 1769-ல் லண்டன்ல பிறந்தவங்க. அப்பா சுவிட்சர்லாந்துலேர்ந்து வந்த வியாபாரி. கணவர் அலெக்சாண்டர் மார்செட் ஜெனீவாக்காரர், டாக்டர், கெமிஸ்ட்ரியில ஆர்வம் உள்ளவர். அந்தச் சமயம் லண்டன்ல ராயல் இன்ஸ்டிட்யூஷன்னு ஒரு இடம் புதுசாத் தொடங்கியிருந்தாங்க (1799). அங்கே ஹம்ஃப்ரி டேவி சொற்பொழிவு செய்யறார்னா கூட்டம் அள்ளும். ஆள் இளைஞர், பேச்சு நல்லா வரும், மேடையிலேயே வெடி, புகை, நெருப்புன்னு செஞ்சு காட்டுவார். சினிமா இல்லாத ஊருல அதுதான் சினிமா.

ஜேன் மார்செட்டும் போய் உக்காந்தாங்க. ஒண்ணும் புரியலை. சோதனைகள் சரசரன்னு ஓடுது, ஒண்ணு மனசுல நிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. இது என் யூகம் இல்லை, அவங்களே பிற்பாடு முன்னுரையில எழுதியிருக்காங்க. வீட்டுக்கு வந்து, விஷயம் தெரிஞ்ச ஒரு நண்பர்கிட்ட உக்காந்து பேசியிருக்காங்க. கேள்வி கேட்டு, பதில் வாங்கி, சோதனைகளைத் திரும்பச் செஞ்சு பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் டேவி பேசினது புரிய ஆரம்பிச்சிருக்கு.

இதுல அவங்க கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அதே பாடம்தான், சொற்பொழிவாக் கேட்டப்ப ஏறலை, பேச்சுவார்த்தையாக் கேட்டப்ப ஏறிடுச்சு. அப்ப புத்தகத்தையும் அப்படியே எழுதினா என்ன? 1806-ஆம் வருஷம் போட்டு ரெண்டு பாகமா வெளிவந்தது 'வேதியியல் உரையாடல்கள்'. அட்டையில ஆசிரியர் பேர் கிடையாது. பெண்கள் இந்த மாதிரி விஷயத்துல எழுதறது அடக்கமில்லைன்னு நினைச்ச காலம். முன்னுரையிலேயே அதுக்காக ஒரு மாதிரி மன்னிப்பு கேக்கற தொனி இருக்கும்.

புத்தகத்துல மூணே பாத்திரங்கள். மிஸஸ் பி-ன்னு ஒரு டீச்சர். கரோலின், எமிலின்னு ரெண்டு பொண்ணுங்க. எமிலி பொறுமைசாலி, யோசிச்சுக் கேப்பா. கரோலின் நம்மள மாதிரி. ஆரம்பத்துலயே, கெமிஸ்ட்ரி எனக்கு ஒண்ணும் சுவாரசியமாத் தெரியலை, சின்னச் சின்ன விவரமா இருக்கும்னு முகத்துக்கு நேராச் சொல்லிடுவா. மிஸஸ் பி கோவிச்சுக்க மாட்டாங்க. பதிலையும் உடனே நீட்ட மாட்டாங்க. ஒரு சோதனையைச் செஞ்சு காட்டி, இப்ப நீயே சொல்லுன்னு விடுவாங்க. படிக்கிறவன் மனசுல 'அப்படின்னா இது எப்படி?'ன்னு சந்தேகம் வர்ற அதே வரியில கரோலின் அதைக் கேட்டிருப்பா.

இது எப்படி முடிஞ்சதுன்னா, எழுதினவங்க அந்தச் சந்தேகத்தைத் தாண்டி வந்து ரொம்ப நாள் ஆகலை. எங்க டீம்ல நான் பார்த்திருக்கேன். பத்து வருஷமா அந்த சாஃப்ட்வேரோட குடும்பம் நடத்தற சீனியர் எழுதின டாக்குமெண்ட்டைப் படிச்சா தலை சுத்தும். போன மாசம் சேர்ந்த பொண்ணு எழுதி வச்ச ரெண்டு பக்கம் பளிச்சுன்னு புரியும். சீனியருக்கு அறிவு கம்மின்னு அர்த்தம் இல்லை. எங்கே இடறும்ங்கறது அவருக்கு மறந்து போச்சு, அவ்வளவுதான்.

புத்தகம் பிச்சுக்கிட்டு போச்சு. இங்கிலாந்துல மட்டும் 16 பதிப்பு. புதுசா ஏதாவது கண்டுபிடிச்சா அடுத்த பதிப்புல சேர்த்துடுவாங்க. முதல் பதிப்பு வந்தப்ப பொட்டாசியம், சோடியம்னு தனிமங்கள் இருக்கறதே உலகத்துக்குத் தெரியாது. 1807-ல் டேவி ரெண்டையும் பிரிச்சு எடுத்தார், பிந்தின பதிப்புகள்ல அதுவும் வந்துடுச்சு. அமெரிக்காவுல காப்பிரைட் தொல்லை இல்லாததால ஆளாளுக்கு அச்சடிச்சாங்க. பயிற்சிக் கேள்விகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு வித்தாங்க. அட்டையில குறிப்பு எழுதின ஆம்பளை பேர் இருக்கும், எழுதின அம்மா பேர் இருக்காது. இங்கிலாந்துலயும் 1830-கள் வரைக்கும் பேர் போடாமத்தான் வந்துச்சு.

சரி, இப்ப ஃபாரடேகிட்ட வருவோம்.

பிறந்தது 1791 செப்டம்பர் 22, லண்டனை ஒட்டின நியூவிங்டன்ல. அப்பா ஜேம்ஸ் ஃபாரடே கொல்லர், உடம்பு சரியில்லாதவர். 1804-ல் பையன் ப்ளாண்ட்ஃபோர்ட் தெருவுல ஜார்ஜ் ரீபோங்கறவரோட புத்தகக் கடையில எடுபிடியாச் சேர்ந்தான். பேப்பர் போடற வேலை. அடுத்த வருஷம் அதே கடையில ஏழு வருஷ ஒப்பந்தத்துல பைண்டிங் பழக உக்கார்ந்தான். பொதுவா தொழில் கத்துக்க முதலாளிக்குப் பணம் கட்டணும். ஒரு வருஷம் ஒழுங்கா வேலை பார்த்தான்னு ரீபோ அதை வாங்கலை. கணக்குல முதல் வரவு இதுதான்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்ல ரெண்டு அவனைப் பிடிச்சுக்கிச்சு. ஒண்ணு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்துல மின்சாரம் பத்தின கட்டுரை. இன்னொண்ணு, நீங்க ஊகிச்சது சரி, 'வேதியியல் உரையாடல்கள்'. அதுல சொன்ன சோதனைகள்ல கைக்காசுக்குக் கட்டுபடியாகறதை எல்லாம் செஞ்சு பார்த்தான். வாரத்துக்குச் சில பென்னிதான் பட்ஜெட். புத்தகத்துல போட்டது உண்மையான்னு தன் கையால சோதிச்சுப் பார்த்தப்ப, அது உண்மையா இருந்தது. அது கொடுத்த நம்பிக்கையைப் பத்தி அம்பது வருஷம் கழிச்சும் எழுதியிருக்கார்.

புத்தகத்துக்கு அப்புறம் மனுஷங்க. ஜான் டாட்டம்னு ஒரு வெள்ளி வேலைக்காரர் ஃப்ளீட் தெருப் பக்கம் தன் வீட்டுல சாயங்காலத்துல அறிவியல் சொற்பொழிவு நடத்திட்டு இருந்தார். சிட்டி ஃபிலசாஃபிக்கல் சொசைட்டின்னு அந்தக் கூட்டத்துக்குப் பேர். வர்றவங்க எல்லாம் குமாஸ்தாக்கள், கைத்தொழில்காரங்க. கட்டணம் ஒரு ஷில்லிங். வாரச் செலவுக்கே பென்னி எண்ணற பையனுக்கு ஒரு ஷில்லிங் எங்கேர்ந்து வரும்? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அவரும் கொல்லர்தான், வசதி ஒண்ணும் இல்லை. 1810 பிப்ரவரிலேர்ந்து 1811 செப்டம்பர் வரை ஒரு டஜன் சொற்பொழிவு அப்படிக் கேட்டிருக்கான். நடுவுல 1810 அக்டோபர்ல அப்பா இறந்துட்டார். அண்ணன் ஷில்லிங்கை நிறுத்தலை.

கேட்டதை எல்லாம் நோட்ஸ் எடுத்து, சுத்தமாத் திரும்ப எழுதி, தானே பைண்ட் பண்ணி வச்சான். ஆனா கருவிகளைப் படமா வரையத் தெரியலை. ரீபோ வீட்டுல மஸ்கரியேன்னு ஒரு ஓவியர் குடியிருந்தார், நெப்போலியனையே வரைஞ்ச ஆள். அவர்கிட்டப் போய்க் கேட்டான். அவரும் தூரக்காட்சிப் படம் வரையறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தார். ஃபீஸ் என்ன தெரியுமா? ரூமைத் துடைச்சு, பூட்ஸுக்குப் பாலிஷ் போடணும். போட்டான். நியாயமான பண்டமாற்று!

டாட்டம் வீட்டுல கிடைச்ச பெரிய லாபம் பாடம் இல்லை, நண்பர்கள். அதுல பெஞ்சமின் அபாட்னு ஒருத்தர், லண்டன்ல ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா. ஃபாரடேயைவிடப் படிச்சவர். எனக்கு எழுத்து சரியா வரலை, நாம கடிதம் எழுதிக்கலாமான்னு ஃபாரடே கேட்டான். ரெண்டு பேரும் ஒரே ஊருல இருந்துகிட்டே எழுதிக்கிட்டாங்க. 1812 ஜூலை 12 தேதியிட்ட முதல் கடிதத்துல என்ன இருக்குன்னு பாருங்க. அரைப் பென்னிக் காசு அளவுக்கு வெட்டின ஏழு துத்தநாகத் துண்டு, ஏழு அரைப் பென்னிக் காசு (அது செம்பு), நடுவுல உப்புத் தண்ணியில நனைச்ச ஆறு காகிதத் துண்டு. அடுக்கினா பேட்டரி! சிரிக்காதேன்னு நண்பன்கிட்ட சொல்லிட்டு, இந்த அற்ப அடுக்கு மெக்னீசியம் சல்பேட்டையே பிரிச்சுடுச்சுன்னு துள்ளிக் குதிக்கறான். பின்னாடி அவர் பேர்ல விதியே வரப்போற மின்னாற்பகுப்பை 20 வயசுல சில்லறைக் காசை வச்சு செஞ்சிருக்கார்.

அடுத்தடுத்த கடிதங்கள்ல குளோரின் வருது. அந்த வாயுவுக்குள்ள ஆக்சிஜன் ஒளிஞ்சிருக்குன்னு ரொம்ப காலமா எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. இல்லை, அது தனிமம்தான்னு 1810-ல் டேவி சொன்னார். அபாட்டுக்கு அது ஏறலை. ஃபாரடே பக்கம் பக்கமா எழுதி, அதுலேர்ந்து யாராலயும் ஆக்சிஜனை எடுத்துக் காட்ட முடியலையேன்னு ஒவ்வொரு படியா விளக்கறார். அப்ப அவர் ஒரு பைண்டர் பையன், குளோரினை வச்சு ஆராய்ச்சி செஞ்சவர் இல்லை. நண்பனுக்குப் புரிய வைக்கணும்னு எழுதற வேகத்துல தனக்கே தெளிவாகுது. க்ரூப் ஸ்டடியில பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே புரியும் பாருங்க, அதேதான். 1823-ல் அதே குளோரினை அழுத்தத்துல திரவமாக்கிக் காட்டினவரும் இவர்தான்.

இதுக்கிடையில ரீபோ அந்த பைண்ட் பண்ணின நோட்டுகளைக் கடைக்கு வர்றவங்ககிட்ட பெருமையாக் காட்டியிருக்கார். அப்படி வில்லியம் டான்ஸ்ங்கற இசைக் கலைஞர் பார்வைக்குப் போச்சு. அவர் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உறுப்பினர். பையனுக்கு டேவியோட சொற்பொழிவு டிக்கெட் நாலு கொடுத்தார். 1812 பிப்ரவரி 29, மார்ச் 14, ஏப்ரல் 8, ஏப்ரல் 10. அதான் அங்கே டேவி செஞ்ச கடைசி நாலு சொற்பொழிவு. ஒரு வருஷம் தாமதமாகி இருந்தா கதை வேற. பையன் மாடியில, கடிகாரத்துக்கு மேல இருந்த இடத்துல உக்காந்து எழுதித் தள்ளினான்.

எந்தக் கூடத்துல ஜேன் மார்செட் புரியாம உக்காந்திருந்தாங்களோ அதே கூடம், அதே டேவி. ஆனா ஃபாரடேவுக்குப் புரிஞ்சது. ஏன்னா நடுவுல ஜேன் மார்செட் புத்தகம் எழுதியிருந்தாங்க.

ஆனா கேட்ட இடத்துல எல்லாம் கிடைச்சிடலை. எப்படியாவது அறிவியல் வேலைக்குப் போகணும்னு, ராயல் சொசைட்டியோட தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கே ஒரு கடிதம் எழுதினான். எந்த எடுபிடி வேலையா இருந்தாலும் சரின்னு. பதிலுக்காக வாசக்காவலாளிகிட்டப் போய்ப் போய் நின்னான். கடைசியில கிடைச்சது, பதில் ஒண்ணும் இல்லைங்கற தகவல். 1812 அக்டோபர்ல பயிற்சி ஒப்பந்தம் முடிஞ்சு வேற ஒரு முதலாளிகிட்ட முழு நேர பைண்டரா வேலைக்குப் போயாச்சு. அங்கே நிம்மதி இல்லை.

அடுத்து டேவிக்கு எழுதினான். வெறும் கடிதம் இல்லை. அந்த நாலு சொற்பொழிவையும் முன்னூறு பக்கத்துக்கு மேல எழுதி, படம் போட்டு, பைண்ட் பண்ணி அனுப்பினான். டேவி 1812 டிசம்பர் 24 அன்னிக்கு அன்பாப் பதில் போட்டார். ஜனவரியில கூப்பிட்டுப் பேசினார். ஆனா வேலை காலி இல்லை, பைண்டிங்கையே பாருப்பான்னு சொல்லி அனுப்பினார். பிப்ரவரியில ஆய்வுக்கூட உதவியாளர் ஒருத்தர் கருவி செய்யறவரோட கைகலப்புல இறங்கி வேலையை இழந்தார். டேவிக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது. 1813 மார்ச் 1, வேலை கிடைச்சுது. வாரம் 25 ஷில்லிங், மாடியில ரெண்டு ரூம், எரிக்க விறகும் மெழுகுவர்த்தியும்.

டேவி ஏன் இவ்வளவு இரக்கம் காட்டினார்? அவரே அப்படி வந்தவர்தான். கார்ன்வால்ல பென்சான்ஸ்ங்கற ஊருல ஒரு வைத்தியர்கிட்ட வேலை பழகிட்டு, லவாய்சியே புத்தகத்தை வச்சுக்கிட்டுத் தானே கெமிஸ்ட்ரி கத்துக்கிட்ட பையன். டேவிஸ் கிட்டின்னு ஒரு பெரிய மனுஷர் தன் நூலகத்தைத் திறந்து விட்டதாலதான் மேல வந்தார்.

அதே டேவிதான் 1824-ல் ஃபாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராத் தேர்ந்தெடுக்கறப்ப எதிர்த்தார். அப்ப சொசைட்டிக்கு அவர்தான் தலைவர். கறுப்பு உருண்டை போட்டு நிராகரிக்கற முறை. ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தது, ஃபாரடே ஜெயிச்சுட்டார். தூக்கி விட்ட கையே, ரொம்ப உயரம் போயிட்டானோன்னு தோணறப்ப கீழ இழுக்கறது ஆபீஸ்கள்ல நாம பார்க்காததா! ஃபாரடே கடைசி வரைக்கும் டேவியைப் பத்தி நன்றியோடதான் பேசினார், ஆனா பழைய நெருக்கம் திரும்பலை.

அவர் எப்படிக் கொடுத்தார்ங்கறதையும் பார்க்கணும் இல்லையா.

வேலைக்குச் சேர்ந்த சில மாசத்துல, 1813 ஜூன்ல, ஒரு சொற்பொழிவு எப்படி இருக்கணும்னு அபாட்டுக்கு வரிசையா கடிதம் எழுதறார். அறையில காத்து எப்படி வரணும், பேசறவர் எங்கே நிக்கணும், ஒரு மணி நேரத்துக்கு மேல போனா கேக்கறவன் என்ன ஆவான். இன்னும் ஒரு சொற்பொழிவுகூட செய்யாத 21 வயசுப் பையன்! கேட்டுக் கேட்டு, எங்கே புரியாமப் போகுதுன்னு குறிச்சு வச்சுக்கிட்ட பட்டியல் அது. 1816 ஜனவரியில டாட்டம் வீட்டுக் கூட்டத்துலயே கெமிஸ்ட்ரி பாடம் நடத்த ஆரம்பிச்சார். எங்கே ஒரு ஷில்லிங் கொடுத்து உக்காந்தாரோ அங்கேயே.

அதே காலத்துல எட்வர்ட் மக்ராத்ங்கற நண்பர் ஃபாரடேயோட உச்சரிப்பையும் இலக்கணத்தையும் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் திருத்தியிருக்கார், ஏழு வருஷம். சில நண்பர்கள் சேர்ந்து சாயங்காலத்துல ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சு, தப்பைத் தயவு தாட்சண்யம் இல்லாமச் சொல்றதுன்னு வச்சிருந்தாங்க. நாங்க இதுக்கு கோட் ரிவியூன்னு பேர் வச்சு, காலெண்டர்ல போட்டு, முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடறோம்.

1834-ல் ஃபாரடே ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்ச ஆள். மின்காந்தத் தூண்டல் கண்டுபிடிச்சு மூணு வருஷம் ஆச்சு. மின்னாற்பகுப்பு பத்தி எழுதணும், ஆனா அந்த ரெண்டு தகடுக்கும் பேர் இல்லை. தனக்கு கிரேக்கமோ லத்தீனோ தெரியாது. யோசிச்ச பேர் எதுவும் பிடிக்கலை. கேம்பிரிட்ஜ்ல வில்லியம் ஹியூவெல்ங்கற அறிஞருக்கு எழுதி, இந்த இடத்துக்கு என்ன வார்த்தை போடலாம்னு கேட்டார். ஹியூவெல் கொடுத்ததுதான் ஆனோடு, கேத்தோடு, அயனிக்கு ஆங்கிலத்துல இருக்கற 'அயான்'ங்கற சொல். நாம படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, அந்தப் பாகங்களோட பேரே ஒருத்தர் சந்தேகம் கேட்டு இன்னொருத்தர் போட்ட பதில்தான்.

1857-ல் இன்னும் ஒண்ணு. ஃபாரடேவுக்கு 66 வயசு. ஜேம்ஸ் க்ளார்க் மேக்ஸ்வெல்னு 26 வயசுப் பையன் (என்னைவிடச் சின்னவன்!) ஃபாரடேயோட விசைக்கோடுகளைக் கணக்கா எழுதிக் கட்டுரை அனுப்பறார். ஃபாரடேவுக்குக் கணக்கு சுத்தமா வராது. அந்தக் காலத்து பெரிய மனுஷன் யாராயிருந்தாலும் தலையாட்டிட்டுப் போயிருப்பார். இவர் நவம்பர் 13-ஆம் தேதி கடிதம் எழுதறார். நீங்க கணக்குல கண்டுபிடிக்கறதை எல்லாம் எங்களை மாதிரி ஆட்களுக்காகச் சாதாரண வார்த்தையில, அதே அளவு தெளிவா எழுத முடியாதான்னு கேக்கறார். உங்க விளக்கம் எப்பவும் எனக்குத் தெளிவாப் புரியுதுன்னு நன்றியும் சொல்றார். 66 வயசுலயும் கை தூக்கி டவுட் கேக்கற பையன்.

இதே மனுஷர் 1827-லேர்ந்து 1860 வரைக்கும் 19 வருஷம் கிறிஸ்துமஸ் லீவுல குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல, டேவி நின்ன அதே மேடையில. அதுல பேர் போனது மெழுகுவர்த்தி பத்தின ஆறு சொற்பொழிவு. ஒரு மெழுகுவர்த்தி எரியுது, அது எங்கே போகுது? அவ்வளவுதான் கேள்வி. சுடர் மேல குளிர்ந்த பாத்திரத்தைக் காட்டினா அடியில தண்ணி முத்து முத்தா நிக்கும். நெருப்புலேர்ந்து தண்ணியான்னு பசங்க வாயைப் பிளப்பாங்க. அது தண்ணிதான்னு எப்படி நம்பறது? பொட்டாசியத் துண்டைப் போட்டா பத்திக்கும், பார்த்துக்கோ. மிஸஸ் பி செஞ்ச அதே வேலை. பதிலைச் சொல்லாதே, செஞ்சு காட்டு. 1860-61 கிறிஸ்துமஸ்ல இதைக் கடைசியாப் பேசினப்ப வில்லியம் க்ரூக்ஸ் தொகுத்துப் புத்தகமாப் போட்டார்.

ஜேன் மார்செட் என்ன ஆனாங்க? ஃபாரடே அவங்களோட நேர்ல பழக்கமானார். தன் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சானா அவங்களுக்கு ஒரு பிரதி அனுப்புவார், குருதட்சிணை மாதிரி. 1845-ல் ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருக்குன்னு ஃபாரடே கண்டுபிடிச்ச செய்தியைப் படிச்சதும் அவங்க அவருக்கே எழுதி விவரம் கேட்டாங்க, அடுத்த பதிப்புல சேர்க்கணும்னு. அப்ப அவங்களுக்கு 76 வயசு. டீச்சர் ஸ்டூடண்ட்கிட்ட டவுட் கேக்கறாங்க! 1858 ஜூன்ல அவங்க இறந்தாங்க. அந்த அக்டோபர்ல ஜெனீவாவுல இருந்த நண்பர் அகஸ்ட் டி லா ரீவுக்கு ஃபாரடே எழுதின கடிதத்துலதான் அந்தப் புத்தகம் தனக்கு என்ன செஞ்சுதுன்னு விரிவாச் சொல்றார். அது இல்லைன்னா பேர் போடாத ஒரு பாடப்புத்தகத்துக்கும் ஃபாரடேவுக்கும் உள்ள தொடர்பு நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

இதுல எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு உண்டு. இவ்வளவு பேர்கிட்ட வாங்கின ஃபாரடே, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வாரிக் கொடுத்தார். ஆனா தன்னை டேவி எடுத்துக்கிட்ட மாதிரி ஒரு பையனை எடுத்து ஆய்வுக்கூடத்துல வளர்க்கலை. சார்ஜெண்ட் ஆண்டர்சன்னு பழைய ராணுவக்காரர் ஒருத்தரை உதவிக்கு வச்சுக்கிட்டுத் தனியாவே வேலை பார்த்தார். சிஷ்யர்னு சொல்ல ஆள் இல்லை. காரணம் எதுவா இருந்தாலும், இன்னொரு பைண்டர் பையன் அந்த மாடிப்படி ஏறலை.

அவரைக் குறை சொல்லி நிறுத்தறதும் சரியில்லை. ஒரு பையன் படிக்கறது இவ்வளவு தற்செயலைச் சார்ந்து இருக்கக் கூடாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருந்தது. 1862 நவம்பர்ல இங்கிலாந்தோட பெரிய பள்ளிகளை விசாரிச்ச அரசுக் குழு முன்னாடி போய், இயற்கை அறிவியலை ஏன் பள்ளிகள்ல சொல்லித் தர்றதில்லைன்னு வருத்தப்பட்டுப் பேசினார். கணக்கைத் திரும்பிப் பாருங்க. ரீபோ பணம் கேட்டிருந்தா, அண்ணன்கிட்ட ஷில்லிங் இல்லைன்னா, டான்ஸ் அந்த நோட்டைப் பார்க்கலைன்னா, உதவியாளர் சண்டை போடலைன்னா, எல்லாமே நின்னிருக்கும். பேங்க்ஸ் வாசல்ல நின்ன மாதிரி நின்னுட்டுத் திரும்பிப் போன பசங்க எத்தனை பேரோ, அவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் வராது. வீட்டுப்பாடத்துல சந்தேகம் கேக்க ஒரு டீச்சர் இருக்கறது நமக்குச் சாதாரணமாத் தெரியுது. பேரதிர்ஷ்டம் இருந்தவனுக்கு மட்டும் கிடைச்ச விஷயமா இருந்தது அது.

கணக்கு ஃபாரடேயோட முடியலை. 1867-ல் அவர் இறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, ஜப்பான்ல ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தன் வகுப்புப் பையன் ஒருத்தனை இந்தப் புத்தகத்தைப் படிச்சுப் பாருன்னார். மெழுகுவர்த்திப் புத்தகம்தான். அந்தப் பையன் பேர் அகிரா யோஷினோ. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்ட மூணு பேர்ல ஒருத்தர். உங்க செல்போனுக்குள்ள இருக்கறது அந்த பேட்டரிதான். அதுலயும் ஆனோடு, கேத்தோடு, அயனி எல்லாம் இருக்கு, ஹியூவெல் வச்ச பேரோடயே.

அந்த ஆசிரியர் பேர் எனக்குத் தெரியாது. ராபர்ட் ஃபாரடேயும் அண்ணன்ங்கறதாலதான் ஞாபகத்துல இருக்கார். அதனால உங்க வீட்டுல இருக்கற வாண்டு அடுத்த தடவை கெமிஸ்ட்ரி நோட்டைத் தூக்கிட்டு வந்து, இது ஏன் இப்படின்னு கேட்டா, ஒரு பத்து நிமிஷம் டிவியை நிறுத்திட்டு உக்காருங்க. பதில் தெரியலைன்னாலும் பரவாயில்லை, ரெண்டு பேருமா ஒரு மெழுகுவர்த்தியை ஏத்திப் பாருங்க. அப்படியே அந்த ஸ்பூனைக் கொஞ்சம் சுடருக்கு மேல பிடிக்கச் சொல்லுங்க. கை சுடாம. :-)